கூடும் கருவியும்: ஒலிநாடாக் கேசட்டின் இயந்திர வடிவமைப்பு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

1963ஆம் ஆண்டு ஃபிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடாக் கேசட் குறித்த பண்பாட்டு ஆய்வுகள், அதன் மலிவையும் படியெடுக்கும் எளிமையையும் முதன்மைப்படுத்துகின்றன. அவ்விரு பண்புகளுக்கும் அடிப்படையாக அமைந்த இயந்திர வடிவமைப்பு தனித்த ஆய்வுக்கு உட்படுவது அரிது. நாடாவைத் தாங்கும் கூட்டிற்கும் அதனை இயக்கும் கருவிக்கும் இடையே பணிகள் பங்கிடப்பட்ட முறையே அவ்வடிவமைப்பின் மையம் என இக்கட்டுரை வாதிடுகிறது. கேசட்டின் சமூகப் பரவலும் அதன் ஒலிக்குறைகளும் இப்பங்கீட்டிலிருந்தே தோன்றுகின்றன. இதனை அறியாது செய்யப்படும் மின்னாக்கம், தமிழ்க் கள ஆய்வு ஒலிப்பதிவுகளின் சான்றுத் தன்மையைச் சிதைக்கக்கூடும் என்பதும் இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கேசட், ஒலிநாடா, இயந்திர வடிவமைப்பு, அசிமுத் கோணம், கள ஆய்வுப் பதிவு, மின்னாக்கம், மூலபாடத் திறனாய்வு.

முன்னுரை

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எழுத்தாணியின் கூர்முனையால் புள்ளி குத்தினால் ஓலை பழுதுறும் என்பது அதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டமைக்கும் இதுவே பின்னணி. சுவடிகளைப் பதிப்பித்தோர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். ஏட்டில் புள்ளி இல்லை என்பதற்காக மூலத்திலும் மெய் இல்லை என்று அவர்கள் கொள்ளவில்லை. எழுதப்பட்ட பொருளின் இயல்பை அறிந்த பின்னரே பாடத்தை முடிவு செய்தனர். தமிழ்ப் பதிப்பியலின் வலிமைகளுள் இதுவும் ஒன்று.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பதிற்றாண்டுகளில், நாட்டார் வழக்காற்றியலிலும் வட்டார வழக்காய்விலும் ஓலையின் இடத்தைக் கேசட் பெற்றது. தாலாட்டும் ஒப்பாரியும் கதைப்பாடலும் வாய்மொழி வரலாறும் அதிலேயே பதிவாயின. ஆயினும் ஓலையின் இயல்பு குறித்துப் பதிப்பாசிரியர் பெற்றிருந்த அறிவுக்கு நிகரானதொன்று, கேசட்டின் இயல்பு குறித்து ஆய்வுலகில் உருவாகவில்லை. கேசட்டிலிருந்து எழுத்துக்குப் பெயர்க்கப்பட்ட பாடம், இடையில் எந்தப் பொருளும் நில்லாதது போலக் கையாளப்படுகிறது. இக்குறையை முன்னிட்டு, கேசட்டின் இயந்திர வடிவமைப்பை ஒரு பனுவலை வாசிப்பது போல வாசிக்க இக்கட்டுரை முனைகிறது.

1. ஆய்வுலகம் கேசட்டை அணுகிய முறை

கேசட் குறித்த சமூக ஆய்வுகளுள் பீட்டர் மானுவேல் 1993இல் வெளியிட்ட, வட இந்திய வெகுசன இசையையும் கேசட் பண்பாட்டையும் பற்றிய நூல் முன்னோடியானது. பெருநிறுவனத்தின் பிடியிலிருந்த இசைத்தட்டுத் தொழிலைக் கேசட் எவ்வாறு சிதறச் செய்தது, வட்டார இசைக்கும் சிறு தயாரிப்பாளர்க்கும் எவ்வாறு வழி திறந்தது என்பதை அந்நூல் விரித்துரைக்கிறது. ஈரானியப் புரட்சியில் சிறு ஊடகங்களின் பங்கை அன்னபெல் ஸ்ரெபர்னி-மொஹம்மதியும் அலி மொஹம்மதியும் 1994இல் ஆராய்ந்தனர். எகிப்தில் சமயச் சொற்பொழிவுக் கேசட்டுகளைக் கேட்கும் பழக்கத்தைச் சார்ல்ஸ் ஹிர்ஷ்கைண்ட் 2006இல் எழுதினார். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் கேசட் ஒலிக்கப்படுவதையே ஒரு பக்தி நிகழ்த்துதலாகக் கண்ட பால் கிரீனின் கட்டுரை 1999இல் இசை இனவரைவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது.

இவ்வாய்வுகளின் பங்களிப்பு மறுக்கவியலாதது. எனினும் இவை அனைத்திலும் கேசட் முன்னரே முடிவுற்ற ஒரு பொருளாகவே வருகிறது. அது மலிவானது, சிறியது, எளிதில் படியெடுக்கத்தக்கது என்பன தொடக்கப்புள்ளிகளாகக் கொள்ளப்படுகின்றன. ஏன் அவ்வாறு அமைந்தது என்பது அவ்வாய்வுகளின் வினா அன்று. மறுபுறம், ஊடகத்தின் வன்பொருளிலிருந்தே ஆய்வு தொடங்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் ஃபிரெட்ரிக் கிட்லர். 1986இல் வெளியான அவரது நூலில் காந்த நாடா பற்றிய விவாதம், போர்க்கால ஜெர்மனியின் சுருள்நாடாக் கருவியை ஒட்டியே அமைகிறது. சுருள்நாடாவுக்கும் கேசட்டுக்கும் ஒலிப்பதிவுக் கோட்பாடு ஒன்றுதான். இயந்திர அமைப்போ வேறு. அவ்வேறுபாட்டிலேயே கேசட்டின் வரலாறு அடங்கியுள்ளது.

2. கூட்டினுள் வைக்கப்பட்டவை

பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் லூ ஓட்டன்ஸ் தலைமையிலான ஃபிலிப்ஸ் குழு உருவாக்கிய கேசட், 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்சிக்கு வந்தது. அதன் கூடு ஏறத்தாழ 10 செ.மீ. நீளமும் 6.4 செ.மீ. அகலமும் உடையது. தடித்த முன்விளிம்பில் 12 மி.மீ. கனம். உள்ளிருக்கும் நாடாவின் அகலம் 3.81 மி.மீ.; அது வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் நகர்கிறது.

சுருள்நாடாக் கருவியில் நாடாவைச் சுற்றிவைக்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் பக்கத்தட்டுகள் உண்டு. கேசட்டில் அவை நீக்கப்பட்டன. இந்நீக்கத்தின் பயன் கணக்கிட்டால் தெளிவாகும். கேசட்டின் இரு சுற்றுருளைகளின் மையங்களுக்கிடையே உள்ள தொலைவு 42.5 மி.மீ. வெற்று உருளையின் ஆரம் ஏறத்தாழ 11 மி.மீ.; நாடா முழுவதும் சுற்றப்பட்டபின் அவ்வாரம் 25 மி.மீ. அளவை நெருங்கும். பக்கத்தட்டுகள் இருந்திருந்தால் இரு தட்டுகளுக்கும் சேர்த்து 50 மி.மீ. தேவைப்பட்டிருக்கும், அவை ஒன்றையொன்று முட்டியிருக்கும். தட்டுகள் இல்லாத நிலையில், ஒருபுறம் பெருகும்போது மறுபுறம் சுருங்குகிறது. இரு சுருள்களும் ஒரே இடத்தை மாறிமாறிப் பயன்படுத்திக்கொள்கின்றன. சட்டைப்பையில் அடங்கும் அளவு இதனால்தான் வாய்த்தது.

பக்கத்தட்டின் வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். கூட்டின் இரு உட்புறங்களிலும் வைக்கப்பட்ட மெல்லிய வழுக்குத் தாள்கள் அவ்வேலையை ஏற்றன. காரீயகம் பூசப்பட்டோ, உராய்வு குறைந்த பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டோ அமைந்த அத்தாள்கள், சுருளின் விளிம்புகள் மேலும் கீழும் பிதுங்காமல் காக்கின்றன. கூட்டின் முன்மூலைகள் இரண்டிலும் சிறு வழிகாட்டி உருளைகள் உள்ளன. முன்விளிம்பின் நடுவில், உலோக வில்தகட்டின் மீது ஒட்டப்பட்ட சிறு ஃபெல்ட் துண்டு ஒன்று உள்ளது. நாடாவைக் காந்தத் தலையோடு ஒட்டி நிற்கச் செய்வது இதுவே. அதன் பின்னுள்ள உலோகத் தகடு புறக் காந்தப் புலங்களிலிருந்து அப்பகுதியை ஓரளவு மறைக்கிறது.

இங்குக் கவனிக்கத்தக்கது யாதெனில், உராய்வால் தேயும் உறுப்புகளில் பல கூட்டினுள் வைக்கப்பட்டுள்ளன என்பதாகும். ஃபெல்ட் துண்டும் வழுக்குத் தாளும் உருளையும் ஒவ்வொரு புதிய கேசட்டோடும் புதிதாகவே வருகின்றன. தேய்மானத்தின் பெரும்பங்கைக் கருவியிலிருந்து கூட்டிற்கு மாற்றியது இவ்வடிவமைப்பின் முதல் முடிவு.

கூட்டின் உள்ளிடம் மாறாதது என்பதால் நாடாவின் நீளமும் கனமும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. பக்கத்திற்கு 30 நிமிடம் ஓடும் சி-60 கேசட்டுக்கு 85.7 மீட்டர் நாடா வேண்டும்; 45 நிமிடம் ஓடும் சி-90 கேசட்டுக்கு 128.5 மீட்டர், 60 நிமிடம் ஓடும் சி-120 கேசட்டுக்கு 171.4 மீட்டர். இவற்றின் நாடாக் கனம் முறையே ஏறத்தாழ 18, 12, 9 மைக்ரோமீட்டர். நீளத்தையும் கனத்தையும் பெருக்கினால் மூன்றிலும் ஒரே விடை கிடைக்கிறது: சுருளின் பரப்பு ஏறத்தாழ 1,540 சதுர மி.மீ. ஆகவே நேரத்தைக் கூட்ட விரும்பியவர் நாடாவின் வலிமையை விலையாகக் கொடுத்தே அதனைப் பெற முடிந்தது. சி-120 நாடா எளிதில் நீண்டு சிக்குறுவதும், மெல்லிய நாடாவில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் மங்கலாகப் படிந்து முன்னொலியாகவோ பின்னொலியாகவோ கேட்பதும் இக்கணக்கின் விளைவுகள்.

3. கருவியில் விடப்பட்டவை

நாடாவை நகர்த்துவது சுற்றுருளை என்று கருதுவது இயல்பு, உண்மை வேறு. உருளையே நாடாவை இழுத்திருந்தால், சுருளின் ஆரம் 11 மி.மீ. அளவிலிருந்து 25 மி.மீ. வரை வளரும்போது நாடாவின் வேகமும் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கும். சீரான வேகத்தைத் தருவது கேப்ஸ்டன் எனப்படும் மெல்லிய எஃகுத் தண்டு. கூட்டில் இதற்கென அமைந்த துளை வழியாக அது நாடாவின் பின்புறம் வந்து நிற்கிறது. முன்புறமிருந்து ரப்பரால் ஆன அழுத்துருளை நாடாவை அதன்மீது அழுத்துகிறது. தண்டின் விட்டம் 2 மி.மீ. எனக் கொண்டால், வினாடிக்கு ஏறத்தாழ ஏழரை முறை அது சுழன்றாக வேண்டும். அத்தண்டின் வட்டத்தில் நேரும் மிகச் சிறிய பிழையும் ஒவ்வொரு சுழற்சியிலும் திரும்பத் திரும்ப ஒலியின் நடுக்கமாக வெளிப்படும். ஆதலால் அதனோடு கனத்த விசைச்சக்கரம் ஒன்று இணைக்கப்படுகிறது.

நாடாவை ஏற்றுக்கொள்ளும் சுற்றுருளைக்கு ஒரு பணியே எஞ்சுகிறது: கேப்ஸ்டன் தள்ளிவிடும் நாடாவைத் தளர்வின்றிச் சுற்றிக்கொள்வது. அது தொடக்கத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 41 சுற்றுகளும் முடிவில் 18 சுற்றுகளும் சுழல வேண்டியிருப்பதால், மோட்டாரோடு நேரடியாகப் பிணைக்கப்படாமல் வழுக்கும் கிளட்ச் ஒன்றின் வழியாக இயக்கப்படுகிறது. கிளட்ச் தளர்ந்தால் நாடா சுற்றப்படாமல் கருவிக்குள் குவியும். பொதுவழக்கில் ‘டேப் மாட்டிக்கொண்டது’ என்று கூறப்பட்ட நிகழ்வின் முதன்மைக் காரணங்களுள் இதுவும் ஒன்று. அழுத்துருளையில் படிந்த பிசுக்கு மற்றொன்று.

காந்தத் தலை, அழிக்கும் தலை, கேப்ஸ்டன், அழுத்துருளை, மோட்டார் ஆகிய துல்லியம் வேண்டும் உறுப்புகள் கருவியில் நிற்கின்றன. துல்லியத்தைக் கருவிக்கும் தேய்மானத்தைக் கூட்டிற்கும் ஒதுக்கியதே இவ்வடிவமைப்பின் பணிப் பங்கீடு. மலிவு இப்பங்கீட்டின் விளைவாகவே வந்தது. கூட்டின் உறுப்புகளில் மிகப் பெரும்பாலானவை அச்சில் வார்க்கத்தக்க பிளாஸ்டிக். எனவே அவற்றைச் சிறு தொழிற்கூடங்களும் செய்ய முடிந்தது. மானுவேல் விவரிக்கும் சிறு தயாரிப்பாளரின் எழுச்சிக்கு இயந்திரவியல் முன்நிபந்தனை இதுவாகும்.

கூடு கருவிக்குத் தன்னை அறிவித்துக்கொள்ளும் முறையும் இயந்திரத்தன்மை உடையதே. பின்விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை ஒடித்துவிட்டால், கருவியின் நெம்பு அப்பள்ளத்தில் விழுந்து பதிவு செய்யும் பொத்தானைத் தடுக்கிறது. விற்பனைப் பாடல் கேசட்டுகள் நாக்கின்றியே வந்தன. ஆனால் அப்பள்ளத்தின் மீது ஒட்டுத்தாள் துண்டு ஒன்றை ஒட்டினால் போதும், அக்கேசட்டும் பதிவுக்கு உரியதாகிவிடும். வெளியீட்டாளரின் பொருளுக்கும் கேட்பவரின் பொருளுக்கும் இடையே இயந்திரம் வைத்த எல்லை இவ்வளவே. கேட்பவரே பதிவாளராகவும் ஆகலாம் என்னும் வாய்ப்பு இவ்வெல்லையின் மென்மையில் இருந்தது. பதிவான ஒரு மூதாட்டியின் ஒப்பாரி, கவனக்குறைவால் திரைப்பாடலால் அழிக்கப்படும் வாய்ப்பும் அங்கேயே இருந்தது.

நாடா கூட்டைவிட்டு நீங்காமையால் மற்றொரு பயனும் விளைந்தது. சுருள்நாடாவை எடுக்க வேண்டுமெனில் முழுதும் சுற்றி முடித்தாக வேண்டும். கேசட்டை எந்த இடத்திலும் நிறுத்தி வெளியே எடுக்கலாம். வேறொரு கருவியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சோனி நிறுவனம் 1979 ஜூலையில் வாக்மேனை வெளியிட்டபோது பதிவுப் பகுதியையும் ஒலிபெருக்கியையும் கைவிட்டது. கருவி சுருங்கியது, கூட்டில் ஒரு மாற்றமும் தேவைப்படவில்லை.

4. மாற்றுப் பங்கீடுகளின் கதி

பணிப் பங்கீடு என்னும் விளக்கம் பொருந்துமா என்பதை, வேறு வகையாகப் பங்கிட்ட சமகால வடிவமைப்புகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம். அமெரிக்காவில் 1964இல் பில் லியர் உருவாக்கிய எட்டுத்தட நாடாப்பெட்டியில், அழுத்துருளையும் பெட்டிக்குள்ளேயே வைக்கப்பட்டது. அதில் ஒரே ஒரு சுருளே உண்டு. நாடா சுருளின் நடுவிலிருந்து இழுக்கப்பட்டு, வெளிச்சுற்றில் வந்து சேர்ந்து முடிவின்றிச் சுழலும். கருவி எளிதாயிற்று. ஆனால் பின்னோக்கிச் சுற்ற இயலாத நிலை ஏற்பட்டது. சுற்றுகள் ஒன்றன்மீது ஒன்று ஓயாது உராய்ந்தன. கூட்டிற்கு அளவுக்கு மீறிய பணி கொடுத்ததன் விளைவு இது.

எல்கேசட் இதற்கு நேரெதிர் வழியில் சென்றது. சோனி உள்ளிட்ட ஜப்பானிய நிறுவனங்கள் 1976இல் கொண்டுவந்த இவ்வமைப்பில், நாடாவின் அகலம் 6.3 மி.மீ.; வேகம் வினாடிக்கு 9.5 செ.மீ. கருவி நாடாவைக் கூட்டிலிருந்து வெளியே இழுத்துத் தன் வழிகாட்டிகள் மீதே செலுத்தியது. கூட்டின் வார்ப்புப் பிழை எதுவும் ஒலியைத் தீண்டாது. இயந்திரவியல் நோக்கில் இது மேலான தீர்வு. எனினும் கூடு பெரிதாயிற்று, கருவியின் விலை உயர்ந்தது, சில ஆண்டுகளிலேயே சந்தையிலிருந்து மறைந்தது.

எட்டுத்தடப் பெட்டி கூட்டின் பக்கம் மிகுதியாகச் சாய்ந்தது. எல்கேசட் கருவியின் பக்கம் மிகுதியாகச் சாய்ந்தது. கேசட் இரண்டுக்கும் இடையே நின்றது. அது ஒலித்தரத்தின் உச்சம் அன்று. பின்னோக்கிச் சுற்றல், பதிதல், எடுத்துச் செல்லல், பழுது நீக்கல் ஆகிய நான்கையும் சாதாரணப் பயனாளரின் கைக்கு எட்டும் அளவில் வைத்த ஏற்பாடு அது. ஆறு பற்கள் கொண்ட உருளைத் துளையில் பென்சிலை நுழைத்து நாடாவைச் சுற்றிய பழக்கம், அவ்வேற்பாட்டின் கண்கூடான சான்று.

இந்நடுநிலை பின்னர் உறைந்துபோனது என்பதும் கருதத்தக்கது. ஃபிலிப்ஸ் தன் வடிவமைப்பைப் பிற நிறுவனங்களுக்குக் கட்டணமின்றி வழங்கியபோது, தரவரையறை மாறாது பின்பற்றப்பட வேண்டும் என்பதே நிபந்தனை. இதனால் எந்த நாட்டுக் கேசட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் இயங்கியது. அதே நிபந்தனையால் வேகத்தையோ நாடாவின் அகலத்தையோ கூட்டி ஒலியை மேம்படுத்தும் வழி அடைபட்டது. முன்னேற்றம் முழுவதும் குரோமியம் டை ஆக்சைடு, உலோகத் துகள் போன்ற நாடா வேதியியலுக்கும், டால்பி போன்ற மின்சுற்றுகளுக்கும் திரும்பியது. நாடா வகையைக் கருவிக்கு உணர்த்தக் கூட்டின் பின்விளிம்பில் மேலும் சில பள்ளங்கள் சேர்ந்தன. அடிப்படை இயந்திரம் 1963இல் இருந்தவாறே நின்றது.

5. பங்கீட்டின் விலை

நாடாவின் பாதையைக் கருவியின் வழிகாட்டியும் கூட்டின் உருளையும் இணைந்தே தீர்மானிக்கின்றன. துல்லியமான உலோகமும் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக்கும் ஒரே பணியைப் பகிர்ந்துகொள்ளும் இவ்விடமே கேசட்டின் நலிந்த புள்ளி. காந்தத் தலையின் இடைவெளி, நாடா செல்லும் திசைக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். அக்கோணம் அசிமுத் எனப்படுகிறது. வெப்பத்தால் சற்றே வளைந்த கூடும் தேய்ந்த உருளையும் நாடாவைச் சாய்த்தால், கோணம் பிறழும்.

பிறழ்வின் அளவு சிறிதாயினும் விளைவு பெரிது. வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவில் 4.76 மைக்ரோமீட்டர் இடத்தையே பெறுகிறது. வினாடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓடும் சுருள்நாடாவில் அதே அலைக்கு நான்கு மடங்கு இடம் உண்டு. கேசட்டின் ஸ்டீரியோ தடம் ஒன்றின் அகலம் 0.6 மி.மீ.; மோனோ தடத்தின் அகலம் 1.5 மி.மீ. தடத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குள் ஓர் அலைநீள அளவு சாய்வு நேர்ந்தால், அவ்வொலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கணக்கிட்டால், ஸ்டீரியோ தடத்தில் 27 கலை அளவிலான சாய்வும் மோனோ தடத்தில் 11 கலை அளவிலான சாய்வும் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியை முற்றாக நீக்கிவிடும். ஒரு பாகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பிறழ்ந்தாலே மோனோ பதிவின் அவ்வொலி மறையும்.

நகாமிச்சி நிறுவனம் 1982இல் வெளியிட்ட டிராகன் என்னும் கருவி, கேசட் ஓடும்போதே தலையின் கோணத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும் பொறியமைப்பைக் கொண்டிருந்தது. அதே நிறுவனத்தின் உயர்நிலைக் கருவிகள் சில, கூட்டிலுள்ள ஃபெல்ட் துண்டை நாடாவிலிருந்து விலக்கித் தள்ளும் ஏற்பாட்டையும் பெற்றிருந்தன. 1963இல் கூட்டிற்கு ஒதுக்கப்பட்ட பணியைக் கருவி திரும்பப் பெற்றுக்கொள்ள முயன்றது என்று இதனை வாசிக்கலாம். பணிப் பங்கீடு எங்கே நலிந்திருந்தது என்பதற்கு, அதனைச் சீர்செய்ய எழுந்த இப்பெருஞ்செலவே சான்று.

6. கள ஆய்வுப் பதிவுகளும் மூலபாடச் சிக்கலும்

மேற்கண்ட இயந்திரவியல் உண்மைகள் தமிழாய்வுக்கு நேரடியாகப் பொருள்படுவது மின்னாக்கத்தின்போதே. கேசட் நாடாக்கள் மூப்படைந்துவரும் நிலையில், அவற்றை மின்கோப்புகளாக மாற்றும் பணி முதன்மை பெற்றுள்ளது. இப்பணியில் மூன்று சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, கோணச் சிக்கல். களத்தில் பயன்பட்ட கருவி தன் தலையின் சாய்வையும் நாடாவில் பதித்தே விட்டுச் செல்கிறது. அச்சாய்வோடு பொருந்தாத கருவியில் ஒலித்தால், உயர் அதிர்வெண்கள் முதலில் மறையும். சகரம் உரசொலியாக ஒலிக்கிறதா, அடைப்புரசொலியாக ஒலிக்கிறதா என்பது வட்டார வழக்காய்வில் அடிப்படையான வினா. அதற்கு விடை தரும் ஒலியாற்றலின் கணிசமான பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது. மங்கிய மின்கோப்பை மட்டும் கேட்டு ஒருவர் வரையும் ஒலியனியல் முடிவு, பேசியவரின் வழக்கைக் கூறாது கருவியின் பிறழ்வைக் கூறக்கூடும். மோனோ பதிவை ஸ்டீரியோ தலையால் ஒலித்து, இரு தடங்களையும் ஒன்றாகக் கூட்டும்போது இவ்விழப்பு மேலும் மிகும். பிறழ்ந்த இரு பகுதிகள் ஒன்றையொன்று நீக்கிவிடுவதே காரணம்.

இரண்டாவது, வேகச் சிக்கல். நாடாவில் காலத்தை அளக்கும் குறியீடு ஏதும் இல்லை. கேப்ஸ்டன் சுழன்ற வேகமே காலம். மின்கலம் தளர்ந்த கருவியில் நாடா மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் இயங்கும் கருவியில் அப்பதிவு விரைவாகவும் சுருதி உயர்ந்தும் ஒலிக்கும். வேகத்தில் 6 விழுக்காடு வேறுபட்டால், மேற்கத்திய அளவில் ஏறத்தாழ அரைச்சுர வேறுபாடு உண்டாகும். தாலாட்டின் சுருதியையோ கதைப்பாடலின் காலப்பிரமாணத்தையோ கேசட்டிலிருந்து கணிப்பவர் இதனை விலக்கிவிட்டு முடிவுக்கு வர இயலாது. மின்னிணைப்பில் இயங்கிய கருவியின் பதிவாயின், 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் மெல்லிய ரீங்காரம் நாடாவில் படிந்திருக்கக்கூடும். மின்னாக்கத்தின்போது இரைச்சல் எனக் கருதி அதனை நீக்கிவிட்டால், வேகத்தைச் சரிபார்க்கும் எளிய சான்று அழிகிறது. ஏட்டின் ஓரத்தில் உள்ள குறிப்பைக் கறை என எண்ணித் துடைப்பதற்கு இது ஒப்பாகும்.

மூன்றாவது, பக்கச் சிக்கல். கேசட்டின் சமச்சீர் அமைப்பு பதிவை இரு பக்கங்களாகப் பிரிக்கிறது. இரவு முழுதும் நிகழும் ஒரு கதைப்பாடல் 30 அல்லது 45 நிமிடத்திற்கு ஒருமுறை அறுபடும். கூட்டைத் திருப்பும் இடைவெளியில் பாடப்பட்ட அடிகள் நாடாவில் இல்லை. அச்சில் வந்த பாடத்தில் கதைத் தொடர்ச்சி தடுமாறும் இடங்களைக் கலைஞரின் மறதி என்றோ மரபின் சிதைவு என்றோ விளக்குவதற்கு முன், அவ்விடம் பக்க முடிவோடு ஒத்துவருகிறதா என்று பார்த்தல் முறையாகும். சுவடிப் பதிப்பில் ஏடு முறிந்த இடம் குறிக்கப்படுவது போல, கேசட்வழிப் பதிப்பில் பக்கம் முடிந்த இடம் குறிக்கப்பட வேண்டும்.

இம்மூன்று சிக்கல்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூலம் என்பது நாடா மட்டுமன்று. நாடாவும் கூடும் பதிவு செய்த கருவியும் சேர்ந்ததே மூலம். வடிவமைப்பாளர் பணியைப் பங்கிட்டபோதே சான்றும் பங்கிடப்பட்டுவிட்டது.

முடிவுரை

கேசட்டின் இயந்திர வடிவமைப்பு, துல்லியத்தைக் கருவிக்கும் தேய்மானத்தைக் கூட்டிற்கும் ஒதுக்கிய ஒரு பணிப் பங்கீடு. பக்கத்தட்டற்ற சுருள், கூட்டினுள் அமைந்த ஃபெல்ட் துண்டு, ஒடிக்கத்தக்க பிளாஸ்டிக் நாக்கு ஆகியன அப்பங்கீட்டின் வெளிப்பாடுகள். மலிவு, எடுத்துச் செல்லும் எளிமை, பயனாளரே பதிவாளராகும் வாய்ப்பு எனச் சமூக ஆய்வுகள் போற்றும் பண்புகள் இதன் ஒருபக்க விளைவுகள். கோணப் பிறழ்வும் வேக மாறுபாடும் மறுபக்க விளைவுகள். ஒன்றை மட்டும் பேசும் ஆய்வு, கேசட்டின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டதற்குச் சமம்.

எனவே கள ஆய்வுக் கேசட்டுகளை மின்னாக்கம் செய்வோர் ஒவ்வொரு கேசட்டின் ஒவ்வொரு பக்கத்திற்கும் தலையின் கோணத்தைத் தனித்தனியே சரிசெய்தல் வேண்டும். ஃபெல்ட் துண்டு உதிர்ந்த அல்லது வளைந்த கூடாயின், நாடாவைப் புதிய கூட்டிற்கு மாற்றி ஒலித்தல் வேண்டும். திருகாணிகளால் மூடப்பட்ட கூடுகளில் இது எளிது. ஒட்டி மூடப்பட்டவற்றைக் கவனமாகப் பிளக்க நேரும். பழைய கூட்டையும் அதன்மேல் எழுதப்பட்ட குறிப்புகளையும் நாடாவோடு பாதுகாத்தல், திருத்தம் செய்யப்படாத மின்கோப்பு ஒன்றை எப்போதும் வைத்திருத்தல், பதிவு செய்த கருவி பற்றிய செய்தியைப் பதிப்பின் முகவுரையில் தருதல் ஆகியனவும் இன்றியமையாதவை.

ஓலையின் இயல்பறிந்து பாடம் கண்ட மரபுக்கு இவை புதிய கோரிக்கைகள் அல்ல. சுவடியியலுக்குக் கொடுக்கப்பட்ட கல்வித்துறை இடம் ஒலிநாடாவியலுக்கும் கொடுக்கப்படுமாயின், எஞ்சியுள்ள குரல்களைச் சிதைவின்றிக் கேட்கவும் அவற்றின்மீது எழுதப்பட்ட முடிவுகளை மீளச் சோதிக்கவும் வழி பிறக்கும். இயங்கு நிலையிலுள்ள கருவிகளும் அவற்றைச் செப்பனிடத் தெரிந்தோரும் குறைந்துவரும் இக்காலத்தில், அப்பணி தள்ளிவைக்கத்தக்கதன்று.